பின்கட்டுப் பட்டறை: பட்டர்வொர்த் தெரஸ் வீட்டில் ஒரு கட்டுமானக் கணக்கு

மாமாவின் பட்டறை 14 அடி நீளம், 10 அடி அகலம். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கத்துப் பட்டர்வொர்த்தில் ராஜா ஊடா பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பேட்டையில்), எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டிய மாடியில்லாத தெரஸ் (வரிசை) வீட்டின் பின்பக்கத்தில் அது நிற்கிறது. 2023 தைப்பூசம் முடிந்த மறுவாரம் வேலையை ஆரம்பித்தோம். ஜூன் கடைசியில் முதல் பலகையை அறுத்தோம். போட்ட திட்டம் 22,000 வெள்ளி (ரிங்கிட்), முடிந்த கணக்கு 31,400. கூடிப்போன 9,400 வெள்ளியில் பாதிக்கு மேல், தப்பாகக் கட்டியதைத் திருத்திய செலவு. இந்த ஆய்வில் அந்தப் பாதிக்குத்தான் இடம் அதிகம் போகும். மற்றதில் பெரும்பகுதி சரியாக நடந்தது; சரியாக நடந்ததில் எழுத என்ன இருக்கிறது?

நான் வயர்மேன். மாமா என் அக்காவின் கணவர். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் தாண்டிப் போய் வந்த மனிதர் திடீரென்று வீட்டில் உட்கார்ந்ததும் அக்காவுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. "தம்பி, இவருக்கு ஏதாவது ஒரு மூலையைப் பிடிச்சுக் குடு, என் அடுப்படியை விட்டுப் போகட்டும்" என்றாள். ஆக, பட்டறைக்கு முதல் விண்ணப்பம் போட்டது அவள்.

நாங்கள் இரண்டு பேருமே தொழில்நுட்பக்காரர்கள் என்பதால் முதலில் பேசியது இயந்திரங்களைப் பற்றி. எந்த ரம்பம், எத்தனை குதிரைத்திறன், எந்தச் சுவரில் எது. தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. தீயைப் பற்றிப் பயந்தோம், திருட்டைப் பற்றிப் பயந்தோம், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பயந்தோம். தண்ணீரைப் பற்றிய பயம் இருந்தது. அது தப்பான திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னாலா, பின்னாலா

நிலம் 20 அடிக்கு 65 அடி. முன்னால் கார் நிற்கும் போர்ச், பின்னால் 20 அடி அகலத்தில் 10 அடி ஆழத்துக்கு வெற்றிடம், அதற்கப்பால் மதில், பின் சந்து. முதலில் போர்ச்சை அடைத்துப் பட்டறையாக்கத்தான் நினைத்தோம். கூரையும் தரையும் ஏற்கெனவே இருக்கின்றன, செலவு மிச்சம். ஆனால் கார் ரோட்டில் நிற்க வேண்டும், சாரல் நேராக ரம்பத்தில் அடிக்கும், மீட்டர் பெட்டி உள்ளே மாட்டிக்கொள்ளும், வாசலில் அக்கா போடும் கோலத்தில் மரத்தூள் விழும். கடைசிக் காரணத்தோடு பேச்சு முடிந்தது.

பின்பக்கத்துக்கு வந்ததும் அளவு உதைத்தது. ஒரு பிளைவுட் தாள் 4 அடிக்கு 8 அடி. அதை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் ரம்பம் 3 அடி, மொத்தம் 19 அடி வேண்டும். பட்டறையோ 14 அடி. மாமா இதைக் காகிதத்தில் தீர்க்கவில்லை. பழைய குளிர்பெட்டி வந்த அட்டையை ரம்பத்தின் அளவுக்கு வெட்டி, தரையில் ஒட்டுப்பட்டையால் சுவர்களை வரைந்து, ஒரு பழைய கதவுப் பலகையைத் தள்ளிக்கொண்டு இரண்டு நாள் நடந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. மூன்றாம் நாள் விடை கிடைத்தது. 20 அடி அகலத்தில் 14 அடியைத்தான் மூடப்போகிறோம். வலப்பக்கம் சமையலறைக் கதவுக்கும் சன்னலுக்கும் எதிரே 6 அடி திறந்தவெளி இருக்கும். பட்டறைக் கதவை அந்தத் திறந்தவெளியைப் பார்த்து 5 அடி அகலத்தில் வைத்து, ரம்பத்தை அந்தக் கதவின் நேர்கோட்டில் நிறுத்தினால், நீளப் பலகை கதவு வழியே வெளியே போகும். 14-உம் 6-உம் 20. ஓர் அடி மிச்சம்.

அந்த 6 அடியைத் திறந்தே விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள், குடியிருப்பு அறைக்கு அதன் தரைப் பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு இயற்கை வெளிச்சமும், 5 விழுக்காடு அளவுக்குக் காற்று வரும் திறப்பும் கேட்கின்றன. பின்பக்கத்தை முழுக்க மூடினால் பின்னறைகள் குகையாகிவிடும். நம்மவர்கள் பலர் பின்கட்டை மதில் வரைக்கும் இழுத்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுச் சமைக்கிறார்கள். அக்காவின் துணிக் கொடிக்கும் அந்த 6 அடிதான்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டோடு சேர்த்துக் கட்டுவது எதுவானாலும் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்குள் வரும். இங்கே செபெராங் பிறை மாநகர் மன்றத்தில் வரைபடம் போட வேண்டும், அதைத் தகுதி பெற்ற வரைவாளர்தான் போட முடியும். கட்டணமும் வரைபடமும் சேர்த்து 2,300 வெள்ளி. "யாரும் கேக்க மாட்டாங்க, கட்டிடலாம்" என்று சொன்ன காண்ட்ராக்டரை அப்போதே மாற்றியிருக்க வேண்டும். இன்னொன்று: இது பொழுதுபோக்குப் பட்டறை. காசுக்கு மேசை நாற்காலி செய்து விற்கும் தொழிலானால் குடியிருப்பு நிலத்தில் அது வேறு சங்கதி, வேறு அனுமதி.

தரை

2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் இருந்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. விடிய விடியக் காற்றும் மழையும். தீவிலும் பெருநிலத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர். மாமா வீட்டில் பின் சந்திலிருந்து ஏறிக் கணுக்கால் அளவு வந்து நின்றது. சுவரில் அந்தக் கறையின் மேலேயே அக்கா சாயம் அடித்துவிட்டாள். மாமா மட்டும் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்.

அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தரையை நான்கு அங்குலம் உயர்த்தினோம். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே கல்தூள், அதன்மேல் பாலிதீன் தாள், பிஆர்சி கம்பி வலை, நான்கு அங்குலக் கான்கிரீட். பாலிதீனை மறந்தால் மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியே மேலே வந்து ரம்பத்தின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். தேவைப்பட்ட கான்கிரீட் ஒன்றரைக் கன மீட்டர் கூட இல்லை, அவ்வளவு கொஞ்சத்துக்கு லாரி வராது என்று கையால்தான் கலந்தார்கள். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தோம். தரை இன்றுவரை ஒரு கீறல் விடவில்லை. நல்ல தரை.

அதன் அடியில் போன குழாய்தான் நல்லதில்லை. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன லொங்காங் (வடிகால்) ஓடியது. சமையலறைப் பக்கத்து மழைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அதில் விழுந்து, இடப்பக்கமாகப் போய்ப் பின் சந்தின் பெரிய கால்வாயில் சேரும். பட்டறைத் தரை அந்த லொங்காங்கின் மேலேதான் வர வேண்டும். காண்ட்ராக்டர் மூன்று அங்குல பிவிசி குழாய் ஒன்றை லொங்காங்குக்குள் படுக்கப் போட்டு மேலே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார். நான் அன்றைக்கு சுங்கை பட்டாணியில் வேறு வேலையில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தபோது தரை பளபளவென்று சமமாக இருந்தது. "சூப்பர்" என்றேன். அந்த வார்த்தையை அக்கா இன்னும் மறக்கவில்லை.

மின்சாரம்

என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுவேன்.

வீட்டின் டிபி பெட்டி (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கூரை வழியாகப் பட்டறைக்குக் கேபிள் 22 மீட்டர். சாதாரண பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளே போதும் என்று பலர் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கேபிள் மீட்டருக்கு ஓர் ஆம்பியருக்கு 18 மில்லிவோல்ட் தின்னும். மேசை ரம்பத்தின் தகட்டில் 9 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது; ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த அரை விநாடிக்கு ஆறு மடங்கு, 54 ஆம்பியர் இழுக்கும். 22 மீட்டரில் அது 21 வோல்ட் இறக்கம். 230-இல் 21 போனால் ரம்பம் முனகிக்கொண்டு மெதுவாகக் கிளம்பும், வீட்டு விளக்கெல்லாம் கண் சிமிட்டும். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அதே இறக்கம் 9 வோல்ட்டுக்கும் குறைவு. அதைத்தான் போட்டேன். பட்டறைக்குள் தனியாக ஒரு சின்ன டிபி. ரம்பத்துக்கு ஒரு சர்க்யூட், தூசு உறிஞ்சிக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று, கைக்கருவிகளுக்கு ஒன்று, விளக்குக்கும் விசிறிக்கும் ஒன்று. விளக்கைத் தனியாக்கியது ஆடம்பரமில்லை. ரம்பம் ஓடும்போது ஏதாவது டிரிப் ஆகி விளக்கும் சேர்ந்து அணைந்தால், இருட்டில் சுழன்றுகொண்டிருக்கும் பல்லுக்குப் பக்கத்தில் கை இருக்கும்.

முதல் நாள் ரம்பத்தைப் போட்டதும் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் தானாக விழுந்து கரண்டை வெட்டும் சுவிட்ச், டிரிப் ஆனது. திரும்பப் போட்டோம், திரும்ப டிரிப். மாமா என்னைப் பார்த்தார். முப்பது வருடம் இயந்திரம் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பது, திட்டுவதைவிட மோசம். தப்பு என்னுடையதுதான்: கைப்பையில் கிடந்த பி வகை 16 ஆம்பியர் எம்சிபியைப் போட்டிருந்தேன். பி வகை, தன் அளவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள் உடனே விழும், அதாவது 48-க்கும் 80-க்கும் நடுவில். கிளம்பும் மின்னோட்டம் 54. விழத்தான் செய்யும். சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்கு, 80-இலிருந்து 160. அதை மாற்றியதும் ரம்பம் சத்தமில்லாமல் கிளம்பியது. சத்தமில்லாமல் என்றால் டிரிப் சத்தமில்லாமல். ரம்பத்தின் சத்தம் வேறு கதை.

இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. நம் நாட்டு வீடுகளுக்கு எர்த் என்பது மண்ணில் அடித்த செப்புப் பூச்சுக் கம்பிதான். மாமா வீட்டுப் பழைய கம்பியை அளந்தபோது 11 ஓம். இரண்டாவது கம்பி அடித்து 6 ஓமுக்கு இறக்கினேன். ரம்பத்தின் இரும்பு உடலில் கரண்ட் இறங்கிவிட்டால், 6 ஓம் எர்த் வழியாக 38 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. 230-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள். பி வகை உடனே விழ 48 வேண்டும், சி வகைக்கு 80. ஆக எந்த எம்சிபியும் உடனே விழாது. நின்று சூடாகி விழுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். அந்த வேலையைச் செய்வது ஆர்சிசிபி மட்டும்தான், அதாவது கரண்ட் கசிந்ததுமே வெட்டிவிடும் சுவிட்ச். 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத ஆர்சிசிபி கேட்கின்றன. தரை நனையக்கூடிய இடத்துக்கு 10. பழைய டிபியில் இருந்தது மொத்த வீட்டுக்கும் 100 மில்லியாம்பியர் ஒன்றே ஒன்று. பட்டறை டிபியின் தலையில் 30 ஒன்று வைத்தேன். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த மாமா நாட்காட்டியில் சம்பளத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். சம்பளம் நின்றுபோனாலும் தேதி நிற்கவில்லை. எல்லாம் முடிந்து சோதித்தபின் ஜி பாரமும் (வேலை முடிந்த சான்று) எச் பாரமும் (சோதனைச் சான்று) நிரப்பி மாமாவின் கோப்பில் வைத்தேன். சொந்தக்காரன் வீடு என்று இதை விட்டுவிடும் வயர்மேன்களை எனக்குத் தெரியும்.

பினாங்குக்கு இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும்: இடி. மத்தியானம் இடித்தால் ஒரு கணம் மின்சாரம் போய்த் திரும்ப வரும். சாதாரண சுவிட்ச் வைத்த ரம்பம், கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பிவிடும். காந்த சுவிட்ச் என்றால் போன கரண்ட் திரும்பினாலும், ஆள் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை அது அசையாது. ரம்பத்தோடு வந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டினோம், 85 வெள்ளி. மொத்தப் பட்டறையில் விலைக்கு மேல் பெறுமதி உள்ள பொருள் அதுதான் என்பது என் கணிப்பு.

விளக்குக்குச் சின்னக் குறிப்பு. மலிவான எல்இடி குழல் விநாடிக்கு 100 தடவை சிமிட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சில வேகங்களில் சுழலும் ரம்பம் நின்றுவிட்டது போலக் காட்டும். கைப்பேசியின் மெதுவோட்டக் காமிராவில் பிடித்துப் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும். ரம்பத்துக்கு மேலே வாங்கிய முதல் ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சுவருக்கு அந்தப் பக்கம்

இடப்பக்க மதிலைத் தாண்டினால் ஒரு சீன ஆன்ட்டியின் வீடு. கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். மதில் பொது மதில், அரைச் செங்கல் கனம்தான். ஆறு அங்குல இடம் மிச்சமாகும் என்று தூசு உறிஞ்சியை அந்த மதிலிலேயே போல்ட் போட்டு மாட்டினோம். ஒரே வாரம். ஆன்ட்டி கேட்டில் நின்று மலாயில் மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்குள்ள லாரி நிறுத்தி வச்சிருக்கீங்களா?" போய்ப் பார்த்தோம். அவர் சமையலறை அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. மதிலை மத்தளமாக்கிவிட்டோம்.

சத்தம் இரண்டு வழியாகப் போகிறது, காற்று வழியாகவும் கட்டட உடம்பு வழியாகவும். உடம்பு வழியாகப் போவதை எந்தப் பஞ்சும் தடுக்காது. தொடர்பை அறுக்க வேண்டும். தூசு உறிஞ்சியைக் கழற்றித் தரையில் கனமான ரப்பர் பாயின்மேல் வைத்தோம். மதிலைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளிச் சட்டம் அடித்து, உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வூல் பஞ்சு, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, இரண்டாவது அடுக்கின் மூட்டுகள் முதல் அடுக்கின் மூட்டுகள்மேல் விழாதபடி. அறையின் நீளத்தில் ஐந்து அங்குலம் போனது. மிச்சம் பிடித்த ஆறும் திருப்பிக் கொடுத்த ஐந்தும். டம்ளர்கள் இப்போது பேசுவதில்லை. ரம்பத்தின் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்கிறது என்கிறார் ஆன்ட்டி. அதனால் காலை பத்துக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் ரம்பம் இல்லை, ஞாயிறு கிடையாது, சீனப் புத்தாண்டின் பதினைந்து நாளும் கிடையாது.

மாமாவின் காதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலையிடச் சத்தம் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எட்டு மணி நேரத்துக்கு உச்சவரம்பு 85 டெசிபல். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒரு மணி. வீட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை, காதுக்கு வீடென்ன தொழிற்சாலையென்ன. தொழிற்சாலையில் கட்டாயமாக மாட்டிய காதுமூடியை வீட்டில் மாட்ட மாட்டேன் என்று ஆரம்பத்தில் அடம்பிடித்தார். அக்காதான் சரிக்கட்டினாள், எப்படி என்று கேட்கவில்லை.

தூசு விஷயத்தில் பேரம் இல்லை. மரத்தூளை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இலேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் சேர்த்துவிட்டது. உறிஞ்சியின் வாயைப் பின் சந்துக்குத் திருப்பிவிடலாம் என்பது என் யோசனை, வெளியே போனால் தொல்லை விட்டது. பின் சந்தில் எல்லாருடைய துணிக் கொடியும் இருக்கிறது என்பதை அக்கா நினைவூட்டினாள். பை உள்ளேயே, நுண்வடிகட்டியோடு. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை அறுத்தால் முகமூடி.

கூரைக்கும் மரத்துக்கும் ஒரு பத்தி போதும். தகரக் கூரைக்கு அடியில் காப்புப் படலம் கட்டாயம், இல்லாவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே அப்பளம் சுடலாம். வேலைமேசை, இடிபட்ட ஒரு பழைய வீட்டிலிருந்து மாமா வாங்கி வந்த செங்கால் என்ற கெட்டி மரப் பலகை. கரையான் அதைத் தொடாது. மிச்சப்பட்ட ரப்பர் மரப் பலகைகளைத் தரையில் சாய்த்து வைத்ததைக் கரையான் மூன்றே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டது. இங்கே 80 விழுக்காடு ஈரக்காற்றில் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 16 விழுக்காட்டில் நிற்கும். குளிரூட்டிய அறையில் அது 10, 11-க்கு இறங்கும். மாமா தன் மகளின் கோலாலம்பூர் அடுக்ககத்துக்குச் செய்து கொடுத்த அலமாரியில் ஒன்றரை அடி அகலப் பலகை இரண்டு மாதத்தில் 5 மில்லிமீட்டர் சுருங்கிச் சட்டத்தை விட்டு விலகியது. இப்போது குளிர் அறைக்குப் போகும் சாமான் என்றால் பலகையைச் சட்டத்தில் ஒட்டாமல், அசைய இடம் விட்டுச் செருகுகிறார்.

தீபாவளிக்கு முந்திய வாரம்

2023 தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்திய வாரம் ஒரு பிற்பகல், அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வெளியே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. பத்து நிமிடத்தில் திறந்தவெளியில் தண்ணீர் கட்டி, சமையலறை வாசற்படியைத் தாண்டி, காஸ் அடுப்பின் காலடிக்கு வந்துவிட்டது. முறுக்கு மாவுப் பாத்திரம் மிதக்கவில்லை, அதன்கீழே விரித்திருந்த செய்தித்தாள் மிதந்தது. பின் சந்தின் கால்வாயில் அப்போது பாதியளவு தண்ணீர்தான். 2017 போல வெளியிலிருந்து வந்த தண்ணீர் இல்லை இது. எங்கள் தண்ணீர். பட்டறைக்குள்ளே ஒரு சொட்டு இல்லை. நான்கு அங்குலம் உயரத்தில் ரம்பம் சௌக்கியமாக இருந்தது.

மறுநாள் குழாயின் வாயில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் கேழ்வரகுக் களி மாதிரி ஒன்று வந்தது. மரத்தூள். ஜூலையிலிருந்து பட்டறையைப் பெருக்கிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தோம். "தண்ணி அடிச்சா போயிடும் மாமா" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். தூள் தண்ணீரில் ஊறி, உப்பி, சவர்க்கார நுரையோடு சேர்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது.

மரத்தூளை மட்டும் குற்றவாளியாக்கி முடித்திருக்கலாம், காண்ட்ராக்டர் அதைத்தான் சொன்னார். மாமா விடவில்லை. குழாயின் இரு முனைகளையும் தண்ணீர் மட்டக் குழாய் வைத்து அளந்தார்: 4.3 மீட்டர் நீளத்துக்கு இறக்கம் 10 மில்லிமீட்டர். அதாவது 1-க்கு 430. இப்படிப்பட்ட குழாய்க்கு 1-க்கு 60 என்றால் 72 மில்லிமீட்டர் வேண்டும். சரிவு ஏழு மடங்கு கூடினால் ஓட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடும். அவ்வளவு ஓட்டத்தைக் கான்கிரீட்டுக்கு அடியில் புதைத்துவிட்டோம்.

பிறகு கூரையை அளந்தார். வீட்டின் பின்பக்கக் கூரைச் சரிவு 37 சதுர மீட்டர், பட்டறைக் கூரை 13. முன்பு 37-இன் தண்ணீர் பின்கட்டு முழுக்கப் பரவி விழுந்து, பாதி மண்ணில் இறங்கிவிடும். இப்போது 50 சதுர மீட்டரும் ஒரே பீலியில் சேர்ந்து, ஒரே குழாயில் இறங்கி, அந்தச் சின்னத் திறந்தவெளியில் கொட்டுகிறது; இறங்குவதற்கு மண்ணும் இல்லை, சிமெண்ட் போட்டுவிட்டோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் பெய்வது இங்கே அதிசயமில்லை. 50 சதுர மீட்டரில் அது மணிக்கு 5,000 லிட்டர், நிமிடத்துக்கு 83. தூளே இல்லாத புதுக் குழாயாக இருந்தாலும் அந்தச் சரிவில் 83 லிட்டர் போவது அதன் எல்லை. மரத்தூள் விழுந்தது கடைசிச் சுமைதான்.

ஆக, கணக்கு இது: வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்குப் பயந்து பட்டறையை உயர்த்தினோம், உயர்த்தியதால் வீட்டின் பின்கட்டில் சமையலறையே பள்ளமானது, அந்தப் பள்ளத்தின் ஒரே வாய்க்காலை நாங்களே அடைத்தோம். தரைமட்டம், கூரைத் தண்ணீர், லொங்காங் மூன்றையும் ஒரே தாளில் வரைந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். எங்கள் தாளில் ரம்பம்தான் இருந்தது.

தரையை உடைப்பதா? மாமா ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நல்ல தரையை உடைத்தால் வலையும் போகும், பாலிதீனும் போகும். பழைய குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம். திறந்தவெளியின் 6 அடியில் நேராகப் பின் மதிலை நோக்கி, எட்டு அங்குல அகலத்தில் திறந்த வாய்க்கால் வெட்டி, 1-க்கு 60 சரிவில் பின் சந்துக் கால்வாயில் சேர்த்தோம்; மேலே கழற்றக்கூடிய கம்பிச் சல்லடை. மதிலுக்கு உள்பக்கம் இரண்டடி ஆழக் குழி ஒன்று, தூளும் மண்ணும் தங்க. வீட்டுக் கூரைக்குத் தனியாக ஆறு அங்குலப் பெட்டிப் பீலி, நான்கு அங்குலக் குழாய் இரண்டு. பட்டறைக் கூரையின் தண்ணீர் எதிர்த்திசையில் நேராகப் பின் சந்துக்கு. சமையலறை வாசலில் இரண்டு அங்குலத் தடுப்புப் படி. மொத்தம் 5,200 வெள்ளி. காண்ட்ராக்டர் கைப்பேசியை எடுக்கவில்லை; வேறு ஆள் செய்தார். பட்டறையில் இப்போது தண்ணீருக்கு இடமில்லை, பெருக்குவதும் உறிஞ்சுவதும் மட்டும்.

மற்றக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அனுமதிக்கு 2,300; தரை, சுவர், கூரைக்கு 13,800; மின்சாரச் சாமானுக்கு 3,900, என் கூலி அக்காவின் சாப்பாடு; வேலைமேசை, விளக்கு, அலமாரிக்கு 2,000. இவ்வளவும் திட்டத்தில் இருந்தவை, 22,000-இல் அடங்கின. சத்தத்துக்கும் தூசுக்கும் போன 4,200-உம், இந்த 5,200-உம் திட்டத்தில் இல்லாதவை. இயந்திரங்கள் இதில் சேராது. அவற்றின் விலையை மாமா அக்காவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

குழியின் மூடியைத் திறக்கும் கொக்கி அக்காவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது திறந்து பார்ப்பாள். தூள் தெரிந்தால் பட்டறைக்கு அன்று விடுமுறை. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன் பெய்த பெருமழையில் மாமா குடையோடு போய்க் குழியின் உள்சுவரில் தண்ணீர் ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு விளிம்புக்கு ஏழு அங்குலம் கீழே இருக்கிறது.